ஜாவா படித்து வந்தவருக்கு ‘குன்னர்’ யாரென்று தெரியுமா?

திரையில் 1234 என்ற எண்ணுள்ள வாடிக்கையாளர் இருக்கிறார். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அவர் தரவேண்டிய பாக்கித் தொகைகூட இருக்கிறது. ஆனால், ‘1234-ஐக் கொண்டு வா’ என்று ப்ரோக்ராம் எழுதிக் கேட்டால், ‘அப்படி யாருமே இல்லை’ என்கிறது கம்ப்யூட்டர். கண்ணெதிரே நிற்கும் ஆளை இல்லையென்று சாதிக்கிறது.

எஸ்.ஏ.பி. ப்ராஜெக்ட்டில் புதிதாகப் போடப்படும் ப்ரோக்ராமர்கள் பலரும் ஆரம்ப நாட்களில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. எழுத்துப்பிழையா என்று பார்ப்பார்கள். தவறான டேபிளில் தேடுகிறோமா என்று பார்ப்பார்கள். அரை நாள் போனபிறகு பக்கத்து சீட் சீனியர் எட்டிப் பார்த்து, ‘‘முன்னாடி ஆறு ஜீரோ போடும்மா’’ என்பார். போட்டதும் வாடிக்கையாளர் வந்து நிற்பார்.

விஷயம் இவ்வளவுதான். வாடிக்கையாளர் எண்ணுக்கு உள்ளே பத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1234 என்று நாம் டைப் செய்தாலும், 0000001234 என்றுதான் அது சேமித்துக்கொள்ளும். மனிதர்களுக்குக் காட்டும்போது மட்டும் ஜீரோக்களை உதிர்த்துவிட்டுக் காட்டும். நான்கு வருட இன்ஜினீயரிங் படிப்பில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இது பாடம் அல்ல, ஒரு வீட்டின் பழக்கம். ‘சர்க்கரை’ என்று எழுதிய டப்பாவில் உப்பு இருக்கும்; அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியும், புதிதாக வந்தவர்தான் காபியில் போட்டுவிட்டு முழிக்க வேண்டும்.

சிறுசேரி, சோழிங்கநல்லூர் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள், ‘‘என்னை எஸ்.ஏ.பி.யில போட்டுட்டாங்க’’ என்று வீட்டில் சொல்லும்போது, அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பெற்றோருக்குப் புரிவதில்லை. பல சமயம் சொல்பவருக்கே புரிவதில்லை.

ஐந்து பேர், ஒரு நைலான் ஆலை

பெரிய தொழிற்சாலை ஒன்றின் கேட்டில் லாரி வந்து நிற்கிறது. இரும்புத் தகடு இறங்குகிறது. ஸ்டோர்ஸில் ஒருவர் ‘சரக்கு வந்தது’ என்று பதிவு செய்கிறார். அந்த ஒரே பதிவில் ஸ்டாக் கூடுகிறது, கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு ஏறுகிறது, நாளை சப்ளையரின் பில் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் தயாராகிறது. வாங்குவது, விற்பது, உற்பத்தி, சம்பளம், வரி என்று எல்லாத் துறைகளையும் இப்படி ஒரே நூலில் கோக்கும் மென்பொருள்களுக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். உலகில் பெரிய நிறுவனங்கள் பலவும் இதற்கு நம்பியிருப்பது எஸ்.ஏ.பி.யை. (‘சாப்’ என்று சொன்னால் உள்ளே இருப்பவர்கள் லேசாக முகம் சுளிப்பார்கள். எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும்.)

1972-ல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ஐந்து ஜெர்மன் இன்ஜினீயர்கள் தொடங்கியது இது. முதல் வாடிக்கையாளர், ஐ.சி.ஐ. என்ற ரசாயன நிறுவனம் ஜெர்மனியில் நடத்திய நைலான் ஆலை. புது நிறுவனத்திடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. இரவிலும் வார இறுதியிலும், வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரம் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதினார்கள். ஆலைக்காரர்களின் தோளோடு தோள் உரசி எழுதப்பட்ட மென்பொருள் அது. அதனால்தான் அதற்குள் கம்ப்யூட்டர் வாசனையைவிடக் கணக்குப்பிள்ளை வாசனை தூக்கலாக இருக்கிறது. அந்தக் கணக்குப்பிள்ளையும் ஜெர்மன்காரர்!

குன்னர், லிஃப்னர், வெர்க்ஸ்...

இன்றைய ப்ரோக்ராமர்கள் ஒரு தகவலுக்குப் பெயர் வைத்தால், படித்தவுடன் புரிகிற மாதிரி ‘கஸ்டமர் நம்பர்’ என்று நீளமாக வைப்பார்கள். எஸ்.ஏ.பி.யில் அதற்குப் பெயர் ‘குன்னர்’. ஜெர்மனில் ‘குண்டே’ என்றால் வாடிக்கையாளர், அத்துடன் எண் என்பதைச் சேர்த்துச் சுருக்கியது. ‘லிஃபரன்ட்’ என்றால் சப்ளையர், ஆகவே சப்ளையர் எண் ‘லிஃப்னர்’. தொழிற்சாலைக்கு ‘வெர்க்ஸ்’. பொருள் எண்ணுக்கு ‘மாட்னர்’. கொள்முதல் ஆர்டரின் தலைப்பு விவரங்கள் இருக்கும் டேபிள் ‘எக்கோ’, அதன் ஒவ்வொரு வரியும் இருப்பது ‘எக்போ’. இதில் ‘கோ’ என்பது ‘கோப்ஃப்’, அதாவது தலை. 

ஓ.எம்.ஆர். கேன்டீன்களில் டீ குடித்துக்கொண்டே, ‘‘எக்போவுல மாட்னர் வருது, லிஃப்னர் எக்கோவுலதான் இருக்கு’’ என்று இரண்டு பேர் பேசிக்கொண்டால், அவர்கள் தமிழும் பேசவில்லை, ஆங்கிலமும் பேசவில்லை. ஜெர்மன் தெரியாமலே ஜெர்மன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மென்பொருளுக்கென்றே தனி ப்ரோக்ராமிங் மொழியும் உண்டு. ஏபாப். நீளமான ஒரு ஜெர்மன் பெயரின் சுருக்கம் அது. ‘அறிக்கை தயாரிக்கும் பொதுக் கருவி’ என்று பொருள். பிறகு ஆங்கிலத்தில் அதே எழுத்துகளுக்கு வேறு விரிவாக்கம் கொடுத்துக்கொண்டார்கள். ஜாவாவில் ஒவ்வொரு வாக்கியமும் அரைப்புள்ளியில் முடியும். ஏபாப்பில் முற்றுப்புள்ளியில் முடியும். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே பழக்கம்தான். ஆனாலும் ஜாவாவில் ஊறிய விரல்கள் முதல் ஒரு மாதத்துக்கு அரைப்புள்ளியைத்தான் தேடும்.

மொழி ஒரு பெரிய தடை இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று வாரங்களில் பிடித்துவிடுவார்கள். வேலை செய்யும் முறைதான் தலைகீழாக இருக்கும். ஜாவாவிலோ பைத்தானிலோ எழுதுபவரின் ப்ரோக்ராம் அவருடைய லேப்டாப்பில் ஒரு ஃபைலாக இருக்கும். காப்பி எடுத்து வைத்துக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் பார்க்கலாம். இங்கே ப்ரோக்ராமும் அதே சர்வரின் டேட்டாபேஸுக்குள்தான் குடியிருக்கிறது. எஸ்.இ.38 என்று டைப் செய்து உள்ளே போய்த்தான் திருத்த வேண்டும். அதே ப்ரோக்ராமைப் பக்கத்து சீட்காரர் திறந்து வைத்துவிட்டு சாப்பிடப் போயிருந்தால், அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எழுதி முடித்ததை ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற மூட்டையில் கட்டி, முதலில் சோதனை சர்வருக்கும், அங்கே தேறினால் நிஜ சர்வருக்கும் அனுப்ப வேண்டும். மூட்டையில் ஒன்றைச் சேர்க்க மறந்தால், இங்கே அழகாக ஓடியது அங்கே போய்ப் படுத்துவிடும்.

எஸ் என்றால் பற்று, எச் என்றால் வரவு

இதெல்லாம் பழகிவிடும். பழகாமல் நெடுநாள் உறுத்துவது வேறொன்று.

புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒரு சின்ன வேலை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்தக் கணக்கில் இந்த மாதம் நின்ற பாக்கி எவ்வளவு என்று ஒரு ரிப்போர்ட் வேண்டும்.’ அவர் கணக்கு வரிகள் இருக்கும் டேபிளுக்குப் போகிறார். ஒரு வரியில் 5,000. இன்னொரு வரியில் 3,000. கூட்டுகிறார், 8,000. ப்ரோக்ராம் பிழையில்லாமல் ஓடுகிறது. பத்து முறை சோதித்தாலும் 8,000-தான் வருகிறது.

கணக்குத் துறைக்கு அனுப்புகிறார். அங்கே இருபது வருடமாக அந்தக் கணக்கைப் பார்த்து வரும் ஒருவர், ரிப்போர்ட்டைத் திறந்த மாத்திரத்தில் மூடிவிட்டு போன் போடுகிறார். ‘‘தம்பி, இது 2,000-ல்ல வரணும்?’’

‘பி.எஸ்.இ.ஜி.’ என்ற அந்தப் பழைய டேபிளில் தொகைக்கு முன்னால் கூட்டல், கழித்தல் குறி கிடையாது. எல்லாமே வெறும் தொகை. பக்கத்தில் வேறொரு கட்டத்தில் ஒற்றை எழுத்து இருக்கும்: எஸ் அல்லது எச். ‘சோல்’ என்றால் ஜெர்மனில் பற்று, ‘ஹாபன்’ என்றால் வரவு. எச் இருந்தால் கழிக்க வேண்டும். அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்காத ப்ரோக்ராமர், பற்றையும் வரவையும் சேர்த்துக் கூட்டிவிட்டார். கம்ப்யூட்டர் கண்ணுக்கு இதில் ஒரு பிழையும் இல்லை. கணக்கு தெரிந்த கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜப்பான் வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கண்டுபிடிப்பார்கள். ரூபாய்க்குப் பைசா மாதிரி யென்னுக்குச் சில்லறை கிடையாது. ஆனால், தொகைக் கட்டத்தில் இரண்டு தசம இடம் இருக்கிறதே! அதனால் எஸ்.ஏ.பி. 1,000 யென்னை உள்ளே 10.00 என்று எழுதி வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது சரியாக 1,000 என்றே காட்டும். டேபிளிலிருந்து நேரடியாக எடுத்து அச்சிட்ட ப்ரோக்ராமில், தொகை நூறில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடக்கும்.

புதிய கருவியோடு மல்லுக்கட்டுவதாக ப்ரோக்ராமர் நினைக்கிறார். உண்மையில் அவர் கற்றுக்கொள்வது கணக்கு, கொள்முதல், கிடங்கு, வரி என்ற பழைய தொழில்களை. நம் ஊரில் 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. வாட், கலால், சேவை வரி எல்லாம் போய், மாநிலத்துக்குள் விற்றால் இரண்டு கூறாகவும், மாநிலம் தாண்டினால் ஒரே கூறாகவும் வரி பிரியும் முறை வந்தது. ஒவ்வொரு பில்லின் வடிவமும் மாற வேண்டியிருந்தது. வரி எந்த இடத்தில் எப்படிப் பிரிகிறது என்று தெரியாத ப்ரோக்ராமருக்கு ஏபாப் எவ்வளவு தெரிந்தும் பயனில்லை.

‘நானே எழுதிடறேன்’ என்ற ஆசை

திறமையான ப்ரோக்ராமருக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரு தேவை என்று சொன்னவுடன் கை பரபரக்கும். எஸ்.ஏ.பி.யில் அந்தக் கையைக் கட்டிப்போடச் சொல்கிறார்கள். கேட்பது ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா, செட்டிங்கை மாற்றினாலே போதுமா, நிறுவனம் தன் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் ப்ரோக்ராமே வேண்டாமா என்றெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். இதற்கே பாதி நாள் போகும். ‘நாள் பூராவும் ஒரு வரிகூட எழுதலையே’ என்ற குற்ற உணர்வு புதிதாக வந்தவர்களைப் பிடித்து ஆட்டும்.

வேறு வழியே இல்லாதபோது எழுதலாம். அப்படி எழுதுவதன் பெயர் ‘இசட்’ அல்லது ‘ஒய்’ என்று தொடங்க வேண்டும் என்பது விதி. மற்ற எழுத்துகள் எஸ்.ஏ.பி. நிறுவனத்துக்குச் சொந்தம். ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி வீட்டில் வாடிக்கையாளர்கள் குடியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். அந்தக் கடைசி வீடு ஒவ்வொரு நிறுவனத்திலும் வருடக்கணக்கில் பெருத்துக்கொண்டே போகிறது.

பெருத்தால் என்ன என்று கேட்கலாம். லிடில் என்ற ஜெர்மன் சூப்பர் மார்க்கெட் நிறுவனம், எஸ்.ஏ.பி.க்கு மாறும் தன் திட்டத்தை ஏழு வருட உழைப்புக்குப் பிறகு 2018-ல் கைவிட்டது. போனது சுமார் 50 கோடி யூரோ என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. கடையில் இருக்கும் சரக்கை வாங்கிய விலைக்கு மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். மென்பொருளோ விற்கும் விலையை வைத்து மதிப்பிடும்படி அமைந்திருந்தது. தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் மென்பொருளை வளைக்கப் போனதும் தோல்விக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மென்பொருளும் ஜெர்மன், கடையும் ஜெர்மன். அவர்களுக்கே அந்தக் கதி!

அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் சாக்லேட் கதை இன்னும் பழையது. 1999-ல் எஸ்.ஏ.பி.யையும் வேறு இரண்டு மென்பொருள்களையும் ஒரே வீச்சில் புகுத்தினார்கள், அதுவும் சாக்லேட் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைக்குச் சில மாதங்கள் முன்பு. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஸ்வீட் கடையின் கல்லாப்பெட்டியை மாற்றுவது மாதிரி. கிடங்கில் சாக்லேட் இருந்தது. கடைகளிடமிருந்து ஆர்டரும் இருந்தது. இரண்டையும் சேர்த்து லாரியில் ஏற்ற முடியவில்லை. 10 கோடி டாலருக்கும் மேலான ஆர்டர்கள் அப்படி நின்றுபோயின. மென்பொருளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. புதிய இடத்தில் மனிதர்கள் கால் ஊன்றுவதற்கான நாட்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை. ப்ராஜெக்ட் திட்டத்தில் முதலில் வெட்டப்படுவது இன்றும் பயிற்சி நாட்கள்தான்.

சீனியர்களுக்கும் முதல் நாள்

இவ்வளவு நேரம் புதியவர்களைப் பற்றிப் பேசினோம். இப்போது வேடிக்கை என்னவென்றால், ‘முன்னாடி ஆறு ஜீரோ போடும்மா’ என்று சொன்ன அந்த சீனியரும் முழித்துக்கொண்டிருக்கிறார்.

எஸ்.ஏ.பி. 2015-ல் ‘எஸ்/4 ஹானா’ என்ற புதிய தலைமுறையைக் கொண்டுவந்தது. பழைய பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியோடு முடித்துக்கொள்வதாகவும், கூடுதலாகப் பணம் கட்டினால் 2030 வரை பார்த்துக்கொள்வதாகவும் 2020-ல் அறிவித்தது. பழைய வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் மூட்டை கட்ட வேண்டும். கூடவே அந்த இசட் ப்ரோக்ராம்கள் அத்தனையும்.

பதினைந்து இருபது வருடம் ஏபாப் எழுதியவருக்கு இதில் என்ன கஷ்டம்? அவர் வேதவாக்காகக் கற்ற ஒன்றை மறக்க வேண்டும். ‘டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யாதே. தேவையானதை அள்ளிக்கொண்டு வந்து, கூட்டல் கழித்தலை இந்தப் பக்கம் வைத்துக்கொள்’ என்பது பழைய பாடம். ஹானா டேட்டாபேஸ் தகவல்களை டிஸ்க்கில் தேடாமல் மெமரியிலேயே வைத்திருப்பதால் அதற்கு வேகம் அதிகம். எனவே புதிய பாடம் நேர் எதிர்: ‘கணக்கை அங்கேயே போடு, விடையை மட்டும் கொண்டு வா.’ இருபது வருடம் இடது பக்கம் கார் ஓட்டியவரை வலது பக்கம் ஓட்டச் சொல்வது போலத்தான். பாதை தெரியும், வண்டி தெரியும், கைதான் பழைய பக்கம் திரும்பும்.

இன்னும் நுணுக்கமான குழிகள் இருக்கின்றன. பழைய டேட்டாபேஸ்களில் ஒரு டேபிளைக் கேட்டால் பெரும்பாலும் எண் வரிசைப்படியே வந்துவிடும். யாரும் ‘வரிசைப்படுத்து’ என்று தனியாக எழுதவில்லை. எழுதாமலே வந்துகொண்டிருந்ததை எதற்கு எழுதுவது? ஹானாவில் அந்த உத்தரவாதம் இல்லை. வரிசையாக வரும் என்று நம்பி எழுதப்பட்ட தேடல்கள், இருக்கும் பொருளை இல்லை என்கின்றன. எப்போதும் இல்லை, சில சமயம் மட்டும். ஒரு ப்ரோக்ராமரின் தூக்கத்தைக் கெடுக்க இந்தச் ‘சில சமய’ப் பிழைகள் போதும்.

பொருள் எண்ணுக்கு முன்பு 18 எழுத்து இடம். இப்போது 40 வரை போகலாம். ‘18-க்கு மேல் எந்தக் காலத்தில் வரப்போகிறது’ என்று எண்ணி 2005-ல் ஒருவர் எழுதிவைத்த வரிகளை, இன்று இன்னொருவர் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துகிறார். வாடிக்கையாளரைச் சேர்க்க ஒரு திரை, சப்ளையரைச் சேர்க்க இன்னொரு திரை என்று இருந்ததும் போய், இருவருக்கும் ‘பிசினஸ் பார்ட்னர்’ என்ற ஒரே திரை வந்துவிட்டது. பழைய திரையின் பெயரை விரல் தானாக அடிக்கும். அது நேராகப் புதிய திரையில் கொண்டுபோய் விடும்.

எழுதும் இடமும் மாறிவிட்டது. சாம்பல் நிறப் பழைய திரையிலிருந்து, ஜாவாக்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ‘எக்லிப்ஸ்’ என்ற கருவிக்கு. அது ஜாவா படித்து வந்த ஜூனியருக்கு அம்மா வீடு. நாற்பத்தைந்து வயது சீனியருக்கு ஷார்ட்கட் சொல்லித்தருவது இப்போது இருபத்துமூன்று வயது ஜூனியர். இதை ஏற்றுக்கொள்ள மனசு வராமல் மேனேஜர் வேலைக்கு ஒதுங்கியவர்கள் உண்டு. குழந்தைகள் தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துப் படிப்பவர்களும் உண்டு. வீட்டுக் கடன் தவணை இன்னும் பன்னிரண்டு வருடம் பாக்கி இருக்கும்போது, ‘தெரியாது’ என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

‘செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எழுதிவிடாதா’ என்ற கேள்வி இல்லாமல் இப்போதெல்லாம் எந்தப் பேச்சும் முடிவதில்லை. எழுதுகிறது, நன்றாகவே எழுதுகிறது. ஆனால், 8,000 தவறு, 2,000 சரி என்று போனில் சொன்னவர் இன்னும் கணக்குத் துறையில்தான் இருக்கிறார்.

எஃப்1, ஸ்லாஷ் எச், ஒரு நாற்காலி

இந்த உலகில் கால் ஊன்றியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் வித்தைகள் எளிமையானவை. திரையில் ஒரு கட்டம் புரியவில்லையா? கர்சரை அங்கே வைத்து எஃப்1 தட்டினால், அதன் விளக்கமும், தொழில்நுட்ப விவரத்தில் டேபிள் பெயரும் கிடைக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமா? மேலே உள்ள பெட்டியில் ‘ஸ்லாஷ் எச்’ அடித்து, எண்டர் தட்டிவிட்டு, பட்டனை அழுத்தினால் ப்ரோக்ராம் அடி அடியாக நடந்து காட்டும். ப்ரோக்ராம் எழுதும் முன், பயிற்சி சர்வரில் ஒரு கொள்முதல் ஆர்டரைத் தானே போட்டு, சரக்கு வந்ததாகப் பதிந்து, பில்லையும் தானே ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒருநாள் வேலைதான். பத்து மேனுவல் படித்தாலும் அது கிடைக்காது.

மாத முடிவில் கணக்குத் துறைக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவது அதையும்விட மேல். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தால் திரையைப் பகிரச் சொல்லிப் பார்க்கலாம். அவர் எந்தத் திரையைத் திறக்கிறார், எதைக் கண்டால் முகம் மாறுகிறது, எதைத் தனியாக எக்ஸெல்லில் போட்டு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

எஸ்/4-க்கு மாறும் நிறுவனங்களில் இப்போது பட்டியல் போடும் வேலை நடக்கிறது. எந்த இசட் ப்ரோக்ராம் வேண்டும், எது வேண்டாம்? பலவற்றை யாரும் வருடக்கணக்கில் தொடவே இல்லை. தயக்கமில்லாமல் அழித்துவிடலாம். சில மட்டும் மாதத்துக்கு ஒருமுறை, கடைசித் தேதி இரவில் தானாக ஓடுகின்றன. எதற்கென்று இப்போது இருப்பவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர் கம்பெனி மாறிவிட்டார். கேட்டு எழுதச் சொன்னவர் ரிட்டயர் ஆகிவிட்டார்.

சீனியரும் ஜூனியரும் ஒரே திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜூனியரின் சுட்டுவிரல் டெலிட் பட்டன் மேல் இருக்கிறது. ‘‘இரும்மா’’ என்கிறார் சீனியர். அந்த ரிட்டயரான அக்கவுண்டன்ட்டின் போன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று குரூப்பில் கேட்டிருக்கிறார்.